பதினொன்றாம் முறை

மேல் யாவோர்
3 நவம்பர் 1998

தம்பி மனோல்,

நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ பட்டாளத்தில் இருந்தபோதுகூட அம்மாதான் எழுதினாள். நான் ஓரத்தில் "கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், தொலைத்துவிடாதே" என்று ஒரு வரி சேர்ப்பதோடு சரி.

தபால் நிலையத்துக்கு நீ போன் செய்ததாக ஆள் வந்து சொன்னான். ரங்கெல் போய்ப் பேசினார். "அக்காவைக் கூப்பிடுங்க அத்தான்" என்றாயாம். கூப்பிட்டால் வந்து என்ன செய்ய? சோஃபியாவிலிருந்து திரும்பிய மறுநாள் காலை மாட்டைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது, குரல் வரவில்லை. இன்றைக்குப் பதினெட்டு நாள்.

ஸ்மோலியான் மருத்துவர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். ஆறு வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். ரங்கெல் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். கொடுத்ததிலிருந்து என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறார். "உருளைக்கிழங்கை எங்க வெச்சே?" என்று வீடே அதிரக் கேட்கிறார். "போனது என் குரல், காது இல்லை" என்று எழுதிக் காட்டினேன். அதையும் உரக்கப் படித்துவிட்டு, "ஆமா, தெரியும்!" என்று கத்தினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாயால் சொல்லியிருந்தால் நாலு திட்டோடு முடிந்திருக்கும். எழுதவேண்டியிருப்பதால் நிதானமாகப் படி.

என் சுருதிக்கு என்று ஒரு கைடா இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அந்தத் தோல்பையோடும் அந்த நீளக் குழலோடும்தான் நீ எனக்கு ஊதியிருக்கிறாய். சோஃபியா ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைக் கழற்றிவிட்டுக் குட்டைக் குழலை மாட்டினாய். நான் உன்னைப் பார்த்தேன். "ஒரு கட்டைதாங்கா ஏத்தியிருக்கேன். அந்த ஸ்பெயின்காரங்க குழலோட சேரணுமாம். உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றாய். எனக்குச் சளி பிடித்திருந்தது. பதிவை நடத்திய அந்த டச்சுக்காரர் யோஸ்ட் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு "இன்னும் ஒண்ணு" என்று மொழிபெயர்ப்பாளரைச் சொல்லவைத்தார். பதினொரு முறை பாடினேன்.

பதினொன்றாம் முறை, மூன்றாம் அடியில், உள்ளே ஏதோ கிழிந்தது. எனக்கு அந்த நொடியே தெரியும். ஆனால் நம் பக்கத்து முறை உனக்கும் தெரியும். கைடாவின் ஒத்து ஒலித்துக்கொண்டிருக்கும்வரை பாடுகிறவள் வாயை மூடக் கூடாது. பாட்டை நிறுத்தும் உரிமை, பையை அழுத்துகிற ஊதுகிறவன் முழங்கையில் இருக்கிறது. விருந்து மேசையில் பாடிக்கொண்டே மயங்கி விழப்போன பெண்ணைக்கூட ஊதுகிறவன் கையைத் தூக்கித்தான் காப்பாற்றியிருக்கிறான். நீ கையைத் தூக்குவாய் என்று பார்த்தேன். நீ தூக்கவில்லை. இன்னும் இரண்டு அடி பாடி முடித்தேன். வெளியே வந்து இருமியபோது கைக்குட்டையில் சிவப்பாக இருந்தது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. (சொல்லத்தான் எழுதுகிறேன். சரி, போகட்டும்.) ஒரே ஒரு காரியம் செய். அந்தப் பதினொன்றாம் முறை இசைத்தட்டில் வரக் கூடாது. அதில் பாடுவது நான் இல்லை, என் தொண்டை கிழிகிற சத்தம். நாலாம் முறை நன்றாக வந்தது, அதைப் போடச் சொல். வேறெதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா
சஃபிரா

•

லூகோ
22 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. ஸ்பெயினில், கலீசியாவில் ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கிறோம், அதனால் தபால் எங்கள் பின்னாலேயே ஓடிவருகிறது. படித்ததிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை. ரத்தம் வந்ததை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? பேருந்தில் ஏறும்போது கையை ஆட்டினாயே. சும்மா களைப்பு என்றுதான் நினைத்தேன்.

நான் சொல்வதை நம்பு அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். காதில் மாட்டிவிட்ட கருவியில் என் குழல்தான் பெரிதாகக் கேட்டது, உன் குரல் எங்கேயோ தூரத்தில். கிழிந்தது எனக்குக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் கையைத் தூக்காமல் இருப்பேனா? உன் கூடப்பிறந்தவன் நான்.

ஆறு வாரம் ஓடிவிடும். நீ சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோதும் ஆறு வாரம்தான் சொன்னார்கள். மூன்றாவது வாரமே என்னைத் துரத்தி அடித்தாய்.

இங்கே எப்போதும் மழை. இவர்கள் தோல்பைக்கும் கைத்தா என்றுதான் பெயர், நம் கைடாவுக்குத் தங்கச்சி. தெருவுக்கு நாலு பேர் ஊதுகிறார்கள், வங்கியில் வேலை பார்க்கிற பெண்கூட ஊதுகிறாள். ஏற்றிய சுருதி, அதிக சத்தம். பிராய்ஸ் என்று ஒருவன் என்னோடு சேர்ந்து ஊதுகிறான். என் சீவாளியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஒனக்கு சீவாளியா, வீட்டுக்கு உத்தரமா?" என்று கேட்டான். அவ்வளவு பெரிது என்கிறான். நாங்கள் இருவரும் ஊதும்போது யோஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வசந்தத்துக்குள் பிரிட்டனி, அப்புறம் கலாப்ரியா. பத்து நாட்டுக் குழல்கள் ஒரே தட்டில், எல்லாம் புதிதாகப் பதிவானவை. அதில் நம் ஊர்ப் பெயர் வரும். அப்பா இருந்திருந்தால் ஊரையே கூட்டிச் சொல்லியிருப்பார்.

பதினொன்று வராது. நாலாம் முறையைப் போடச் சொல்கிறேன். இது வாக்கு.

தம்பி
மனோல்

•

மேல் யாவோர்
12 டிசம்பர் 1998

மனோல்,

ஆறு வாரம் முடிந்தது. மருத்துவர், "ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, மெதுவா" என்றார். என்ன வார்த்தை சொல்வது என்று ஆறு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ரங்கெல். அவர் பெயரையே சொன்னேன்.

வந்தது ஒரு உறுமல். கதவு தரையில் இழுபடுமே, அது. ரங்கெல் நான் விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கத்தவில்லை. வந்ததும் நேரே தொழுவத்துக்குப் போனவர், பால் கறந்து முடித்தும் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் சிலேட்டில் எழுதிக் காட்டவில்லை. சிலேட்டில் எழுதினால் எல்லாரும் உரக்கப் படிக்கிறார்கள்.

நேற்று நிக்கோலா திருநாளைத் தள்ளிவைத்துக் கொண்டாடிய தோழி கரம்ஃபிலா வீட்டில் மீன் சாப்பாடு. இரண்டு கிண்ணம் ஒயின் இறங்கியதும் வழக்கப்படி எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் ஞாபகம் வந்து தட்டைப் பார்த்தார்கள். கரம்ஃபிலா எழுந்து தானே பாடினாள். அவள் பாட்டு உனக்குத் தெரியாததா? முடித்துவிட்டு என் தோளைப் பிடித்து, "அடியே, இருபத்தாறு வருசமா உன் வாய்க்கு முன்னாடி நான் வாயத் தெறக்கல. இன்னைக்குத் தெறந்தேன், மீன் வெளிய ஓடிருச்சு பாரு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்புக்கும் குரல் வேண்டுமென்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஜனவரி கடைசியில் ப்லோவ்திவில் அறுவை. அங்கே உள்ளவர் பெரிய ஆளாம், ஓப்பராக்காரர்களின் தொண்டையைப் பார்க்கிறவராம்.

நீ கேட்கவில்லை என்றாய். நம்புகிறேன். நம்பாவிட்டால் யாரை நம்புவது? நாலாம் முறையைப் பற்றி யோஸ்ட் என்ன சொன்னார்? அதை எழுதவே இல்லையே.

சஃபிரா

•

கிம்பேர்
17 ஜனவரி 1999

அன்புள்ள அக்கா,

அறுவை பற்றி அத்தானும் எழுதியிருந்தார். அவர் கையெழுத்தைப் படிக்க ஒரு நாள் ஆனது. நான் வரவேண்டும். ஆனால் ஏப்ரல் வரை ஒப்பந்தம் இருக்கிறது. நடுவில் கிளம்பினால் என் பகுதிகளை வேறு ஆளை வைத்து எடுப்பார்களாம். நீ புரிந்துகொள்வாய்.

இங்கே பிரிட்டனியில் இருவர் இருவராக ஊதுகிறார்கள், ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் பிடிக்கிறான். மூச்சு விடவே இடம் இல்லை. வெண்ணெயில் ஊறிய ஒரு ரொட்டி தருகிறார்கள், நீ பார்த்தால் "இது பலகாரமா பாவமா" என்பாய்.

யோஸ்டிடம் பேசினேன். அவர் பதினொன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். "மத்த பத்துல ஒங்க அக்கா நல்லாப் பாடுறாங்க. இதுல பாடல, உசுர வைக்கிறாங்க. அந்தக் கிழிசல்லதான் எல்லாமே இருக்கு" என்கிறார். நான் வேண்டாம் என்றேன். முடிவு என் கையில் இல்லை அக்கா. நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டு முடிவு செய்கிறார்கள். இருந்தாலும் மறுபடி பேசுகிறேன்.

இதற்கு முன் நாலு தாள் எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியில்லை. அனுப்பிவிடுகிறேன்.

மனோல்

•

மேல் யாவோர்
2 மார்ச் 1999

மனோல்,

அறுவை முடிந்தது. அந்தப் பெரிய ஆள் நல்ல மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பேச்சு கொஞ்சம் வரும்மா. கடைக்குப் போக, கணவரைக் கூப்பிட, அந்த அளவுக்கு வரும். பாட்ட மறந்துடுங்க."

மறக்க வேண்டுமாம். காலையில் அடுப்பை மூட்டும்போது பாட்டு வந்து தொண்டையில் நிற்கிறது. கிழங்கு தோண்டும்போது வருகிறது. ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. ராத்திரி கனவில்கூட நான் பாடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கனவிலாவது விட்டிருக்கலாம்.

நான் அழகி இல்லை, படித்தவள் இல்லை, பிள்ளை பெற்றவளும் இல்லை. இந்தச் சரிவில் ஆறு ஊரில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது என்றால் அது எதனால் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்தில் என்னை எங்கே உட்காரவைப்பது என்று இனி யோசிப்பார்கள்.

நேற்று மார்ச் முதல் நாள். கரம்ஃபிலா வந்து, நோய் அண்டாமலிருக்கக் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை என் மணிக்கட்டில் கட்டினாள். எல்லாரும் கையில்தானே கட்டுவார்கள்? இன்னொன்றை எடுத்து என் கழுத்தைச் சுற்றியும் கட்டிவிட்டாள். அவள் போனபிறகு அழுதேன், சத்தமில்லாமல். அழுகையும் இப்போது அப்படித்தான்.

நிறுவனம், ஐந்தாறு பேர் என்றெல்லாம் எழுதாதே. எனக்கு அவர்களைத் தெரியாது. எனக்குத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். இனி என் குரல் என்று உலகத்தில் எங்கேயாவது இருக்கப்போகிறதென்றால் அது அந்தத் தட்டில்தான். அது முழுசாக இருக்கட்டும். என்னைக் கிழிந்த இடத்தில் நிறுத்திவைக்காதே. கெஞ்சுகிறேன் மனோல். நான் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை.

சஃபிரா

•

(அஞ்சலட்டை)
கலாப்ரியா, 9 ஏப்ரல்

அக்கா, உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை மிகுதி. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். மனோல்.

•

மேல் யாவோர்
20 மே 1999

மனோல்,

தட்டு வந்தது. அஞ்சல்காரன் கொடுத்தபோது உறை மேல் உன் கையெழுத்து இல்லை, அச்சிட்ட முகவரிதான் இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் வீட்டில் அதைப் போடும் கருவி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது. மருத்துவர் சொன்ன அந்தக் கொஞ்சப் பேச்சும் எனக்கு இன்னும் வரவில்லை. நான் வேண்டாம் என்று சிலேட்டில் எழுதுவதற்குள் கரம்ஃபிலா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே இருந்தது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

முதலில் ஸ்பெயின்காரர்கள், அப்புறம் ஒரு எஸ்டோனியன், அப்புறம் நான்.

மூன்றாம் அடி வந்ததும் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஆண்களும்தான். முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். "எப்பிடிப் பாடியிருக்கடி! இப்பிடி நீ ஒருநாளும் பாடினதில்லையே!" என்றாள் கரம்ஃபிலா. அவர்களுக்கு அது பாட்டு. சிலேட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எல்லாருக்கும் தலையை ஆட்டினேன். இப்போது வானொலியிலும் போடுகிறார்களாம். தினம் சிலர் வந்து "உன்னைக் கேட்டோம்" என்கிறார்கள். தினம் எனக்கு அது கிழிகிறது.

எல்லாரும் போனபிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியையிடம் சைகை காட்டி மறுபடி போடச் சொன்னேன். நாலு முறை கேட்டேன். என் குரலைக் கேட்கவில்லை. உன் ஒத்தைக் கேட்டேன்.

என் குரல் கிழிகிற இடத்தில் ஒத்து ஒரு நொடி துவள்கிறது மனோல். அரை மூச்சு அளவுதான். தோல்பையிலிருந்து கை விலகுகிறது. நீ கையைத் தூக்க ஆரம்பித்திருக்கிறாய். பிறகு ஒத்து திரும்பி வருகிறது, முன்னைவிட உறுதியாக. ஊரில் யாருக்கும் அது கேட்காது, யோஸ்டுக்கும் கேட்காது. உன் முழங்கையைப் பார்த்தே இருபத்தாறு வருஷம் மூச்சு எடுத்தவளுக்குக் கேட்கும்.

உனக்குக் கேட்டிருக்கிறது.

பதில் எழுது. உன் பிராய்ஸ், உன் வெண்ணெய் ரொட்டி எதுவும் வேண்டாம். ஏன் என்று மட்டும் எழுது.

சஃபிரா

•

சோஃபியா
11 ஜூன் 1999

அக்கா,

ஆமாம். கேட்டது.

காதில் மாட்டியிருந்த கருவியில் உன் குரல் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. தூரத்தில் என்று எழுதியது பொய். கிழிந்ததும் கையைத் தூக்கப் போனேன், அது தானாக நடந்தது. அப்புறம் அழுத்தினேன். அது தானாக நடக்கவில்லை.

ஏன் என்று கேட்டாய். அன்றைக்கு அந்தப் பதினொன்றாம் முறை என் விரல்கள் எனக்கே தெரியாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தன. வாழ்நாளில் நான் அப்படி ஊதியதில்லை, இனி ஊதப்போவதும் இல்லை. முதல் பத்து முறையும் நான் சுமார்தான். உனக்கும் தெரியும், நீ இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. நிறுத்தினால் அது போய்விடும் என்று தெரிந்தது. இரண்டே இரண்டு அடிதானே, அக்கா தாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். எல்லாக் காலமும் நீ தாங்கித்தானே வந்திருக்கிறாய். ஊரில் எல்லாரும் சஃபிராவின் தம்பி ஊதுகிறான் என்றுதான் சொல்வார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மனோல் ஊதுகிறான் என்று யாராவது சொல்லட்டும் என்று பட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் கிடையாது. பதினொன்று பிடித்திருக்கிறது என்று யோஸ்ட் சொன்னது உண்மை. ஆனால் உனக்கு விருப்பமில்லை என்று தெரிந்ததும், "ஒங்க அக்கா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று நாலாம் முறையையும் பதினொன்றையும் என் முன்னால் போட்டுக்காட்டினார். கலாப்ரியாவில், உன் மார்ச் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தபோது. பதினொன்று என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் உனக்கு அந்த அஞ்சலட்டையை எழுதினேன். மற்ற பத்தையும் அவர்கள் வைத்துக்கொள்வதில்லையாம், அழித்துவிட்டார்கள்.

ஒரு மாதமாகக் கைடாவைத் தொடவில்லை. பையை நெஞ்சில் அணைத்தாலே அந்த அரை மூச்சு வந்து நிற்கிறது. இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. எழுதக் கூடாதென்றும் தெரியும்.

இலியா திருநாளுக்கு ஊருக்கு வரட்டுமா? உன் காலில் விழ வேண்டும். அத்தான் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

மனோல்

•

மேல் யாவோர்
27 ஜூன் 1999

மனோல்,

உன் கடிதத்தை ரங்கெலிடம் காட்டவில்லை. காட்டினால் உன்னைத் தேடிக்கொண்டு சோஃபியாவுக்குப் பேருந்து ஏறிவிடுவார்.

நீ நன்றாகத்தான் ஊதியிருக்கிறாய். அதையும் நாலு முறை கேட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது. எனக்குப் பின்னால் இப்படி ஒருவன் ஊதினான் என்று முன்பே தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். நீ கேட்டிருந்தால் தனியாக ஊதச் சொல்லி ஊர்ப் பந்தியில் என் இடத்தை உனக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். நீ கேட்கவே இல்லை.

வரட்டுமா என்கிறாய். வராதே.

கோபத்தில் சொல்லவில்லை, கோபம் தீராததால் சொல்கிறேன். நீ வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். வாசலில் வந்து நிற்பாய். அழுவாய். நான் உன்னைத் திட்ட வேண்டும், தெருவே கூடும்படி, மலையே கேட்கும்படி, என் அடிவயிற்றில் இருப்பதெல்லாம் தீரும்வரை. திட்டித் தீர்த்தால்தான் என்னால் உன்னை வீட்டுக்குள் கூப்பிட முடியும். நாம் அப்படித்தானே, சின்ன வயதிலிருந்து. ஆனால் நான் சிலேட்டை எடுப்பேன். சுண்ணாம்புக்கட்டியால் நாலு வார்த்தை எழுதுவேன். நீ குனிந்து படிப்பாய், தலையை ஆட்டுவாய், நான் துடைத்துவிடுவேன். அவ்வளவுதான், முடிந்துபோகும். அவ்வளவு சுலபமாக உனக்கு அதை முடித்துத் தரமாட்டேன்.

உன்னைத் திட்ட எனக்குக் குரல் வரும் அன்றைக்கு வா.

சஃபிரா